வாடை வராத வீடு

என் கழுத்தில் இருந்தது அழுக்கு என்றுதான் எங்கள் வீட்டில் எல்லோரும் நம்பினோம். ஏழாம் வகுப்புக்குப் போனபோது பின்கழுத்தில் கறுப்பாக, தொட்டால் வெல்வெட் துணி மாதிரி ஒரு பட்டை விழுந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை எண்ணெய்க் குளியலில் அம்மா பீர்க்கங்காய் நாரில் பயத்தமாவைத் தொட்டு அதைத் தேய்ப்பாள். தோல் சிவந்து எரியும். கறுப்பு மட்டும் போகாது. கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும் அப்பா தலையை நிமிர்த்தாமலே, திங்கிறதில் இருக்கிற சுறுசுறுப்பு குளிக்கிறதில் இல்லை என்பார்.

அப்போது நான் குண்டு. பூசினாற்போல என்று சொந்தக்காரர்கள் பூசி மெழுகிய காலம் எப்போதோ போய்விட்டது. பள்ளி யூனிஃபார்ம் தைக்கிற டெய்லர், டேப்பைச் சுற்றிவிட்டு அளவை மனதுக்குள் சொல்லிக்கொள்வார். மற்ற பிள்ளைகளுக்கு உரக்கச் சொல்வார். இரண்டாவது மாடிக்குப் படியேறினால் எனக்கு மூச்சு வாங்கும். இதற்கெல்லாம் அப்பாவிடம் ஒரே மருந்துதான் இருந்தது. வாயைக் கட்டு. காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, விருந்தாளி யாராவது வந்தால் அவர்கள் முன்னால் இன்னொரு தடவை. நானும் என்னை ஒரு பேராசைக்காரி என்றே நினைத்து வளர்ந்தேன். பன்னிரண்டு வயதில் ஒரு பிள்ளை தன்னைப் பற்றி அப்படி நினைக்கவேண்டியதில்லை. இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் வருகிறது, வரட்டும்.

நாங்கள் இருந்தது வில்லாபுரத்தில் ஒரு மாடி வீடு. கீழே வீட்டுக்காரர்கள், சௌராஷ்டிரர்கள். அவர்களுக்குள் அவர்கள் பாஷையில் பேசிக்கொள்வார்கள், எங்களுக்கு அது ஒரு வார்த்தைகூடப் புரியாது. அழகர்கோவிலுக்கு மாதம் தவறாமல் போய் வருகிற குடும்பம். வீட்டுக்கார ஐயாவுக்குச் சர்க்கரை வியாதி. காலையில் நான் பள்ளிக்கு இறங்கும்போது அவர் முன்னறையில் சட்டையைத் தூக்கிப் பிடித்து வயிற்றில் ஊசி போட்டுக்கொண்டிருப்பார். நான் படியிலேயே கண்ணை மூடிக்கொண்டு மூன்று படி இறங்குவேன்.

எங்கள் பூர்வீகம் பேரையூர்ப் பக்கம், வயற்காட்டு வேலை செய்கிற குடும்பம். அங்கே கறி, மீன் இல்லாமல் ஒரு வாரம் போனால் வீட்டில் யாருக்கோ உடம்புக்கு முடியவில்லை என்று அர்த்தம். எனக்கு ஆறு வயதானபோது இந்த வீட்டுக்கு வந்தோம். சாமான் இறக்கிய அன்றே அப்பா அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். வீட்டுக்காரர்கள் ஒரே ஒரு கண்டிஷன் போட்டிருக்கிறார்கள், கவுச்சி சமைக்கக் கூடாது. மீன் கூடாது, கறி கூடாது, கருவாடு பேச்சே எடுக்கக் கூடாது. முட்டையைக்கூட அவிக்க வேண்டாம், உரித்த ஓட்டை எங்கே போடுவாய் என்றார். அம்மா கல்யாணமாகி வரும்போது கொண்டு வந்த மீன்சட்டியைச் சாக்கில் சுற்றிப் பரண்மேல் வைத்தாள். அவ்வளவுதான், அதற்குமேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை. மதுரையில் வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இது அதிசயமான கண்டிஷனும் இல்லை.

ஆனால் நாக்கு என்று ஒன்று இருக்கிறதே. அதற்கு அப்பாவே வழி கண்டுபிடித்தார். சனிக்கிழமை சாயங்காலம் மஞ்சப்பைக்குள் பார்சல் வரும். புரோட்டா, சால்னா, விரலில் ஒட்டினால் இரண்டு நாள் போகாத சிவப்பில் சிக்கன் சிக்ஸ்டிஃபைவ். நடுவாரத்தில் பேக்கரியிலிருந்து சிக்கன் பப்ஸ். பிறகு டவுனில் ஒரு கோல்டு ஸ்டோரேஜ் கடையில் அரைத்த கோழியைக் குழலாக அடைத்துப் பாக்கெட் போட்ட சாசேஜ் விற்பதைக் கண்டுபிடித்துவிட்டு, பெரிய சாதனை செய்தவர் மாதிரி வந்தார். வெந்நீரில் போட்டு எடுத்தால் போதும், வாடையே வராது என்றார். உண்மைதான், அதற்கு வாடையும் இல்லை, ருசியும் இல்லை, உப்பு மட்டும் இருந்தது. அம்மா ஒரு துண்டு கடித்துவிட்டு, செருப்பு வாரைத் தின்ன மாதிரி இருக்கிறது என்று என் தட்டில் வைத்துவிட்டாள். நான் தின்றேன். கொடுத்தால் தின்னத்தானே செய்வேன்.

மிச்ச எலும்பை வீட்டில் போட முடியாது. அம்மா அதைத் தினத்தாளில் மடித்து, நூல் சுற்றி, திங்கட்கிழமை காலையில் என் புத்தகப் பையில் வைப்பாள். இரண்டு தெரு தள்ளி இருக்கிற குப்பைத் தொட்டியில் நான் போட்டுவிட்டுப் போகவேண்டும். ஒருநாள் ஒரு நாய் என் பையை மோந்துகொண்டே பள்ளிக்கூட வாசல் வரை வந்துவிட்டது. வகுப்பே சிரித்தது. நான் அழுகையை அடக்கிக்கொண்டு, வீட்டுக்காரர்களை மனதுக்குள் வாய்க்கு வந்தபடி திட்டினேன். பாவம், அவர்களுக்கு அன்று புரை ஏறியிருக்கும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிவாக்கில் எங்கிருந்தோ ஆட்டுக்கறி மணம் மெலிசாக வரும். பட்டை, சோம்பு, கசகசா எல்லாம் அரைத்து விட்ட மணம். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். பக்கத்துத் தெருவில் யாரோ வைக்கிறார்கள் என்று அம்மா சொல்வாள். அவளும் பக்கத்தில் வந்து நிற்பாள்.

அந்த வருடம் எங்கள் பள்ளிக்கு ஒரு டாக்டரம்மா பிள்ளைகளைச் சோதிக்க வந்தார். கண், பல் என்று வரிசையில் பார்த்துக்கொண்டு வந்தவர், என் முறை வந்ததும் சடையைத் தூக்கிக் கழுத்தைப் பார்த்தார். அம்மாவைத் தன் கிளினிக்குக்கு வரச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்தார். மறுவாரம் வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்தார்கள். முடிவு வந்த அன்று அம்மா எனக்குப் பள்ளிக்கு லீவு சொல்லிக் கூட்டிப்போனாள்.

முதலில் அவர் கழுத்தைப் பற்றித்தான் பேசினார். "இது அழுக்கு இல்லம்மா. இனிமே தேய்க்காதீங்க. உள்ள சர்க்கரையைச் சமாளிக்க முடியாம உடம்பு திணறுது, அது இங்க தெரியுது" என்றார். அம்மாவின் கை தானாகவே என் கழுத்துக்கு வந்தது. ரத்தத்தில் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, மூன்று மாதம் பார்ப்போம், இப்படியே போனால் சின்ன வயதிலேயே மாத்திரை, அப்புறம் ஊசி வரைக்கும் போகலாம் என்றார். எனக்கு வீட்டுக்கார ஐயாவின் வயிறு ஞாபகம் வந்தது.

வீட்டில் என்ன சாப்பாடு என்று கேட்டார். அம்மா ஒளிக்காமல் சொன்னாள். புரோட்டா, சிவப்புக் கோழி, பப்ஸ், பாக்கெட் சாசேஜ். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். மீனும் கறியும் குழந்தைக்கு நல்லதுதானே, அதை ஏன் இப்படி எண்ணெயிலும் மைதாவிலும் உப்பிலும் முக்கிக் கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். "மீன் மீனாவே இருக்கட்டும், கறி கறியாவே இருக்கட்டும். வீட்டுல குழம்பு வச்சு, கூட ஒரு காய் வைங்க. சோத்தைக் குறைங்க. சாயங்காலம் ஓடி விளையாடட்டும்" என்றார். அம்மா தலையைக் குனிந்துகொண்டு, வாடகை வீட்டில் சமைக்க முடியாது என்றாள். அதற்கு டாக்டரம்மாவிடம் மருந்து இல்லை.

கிளினிக்கிலிருந்து அப்பாவின் அலுவலகம் நடக்கிற தூரம்தான். நேரே அவரிடம் சொல்லிவிடலாம் என்று அம்மா போனாள். மதியச் சாப்பாட்டு நேரம். அவருடைய மேஜை காலியாக இருந்தது. மூலையில் பியூன் ஸ்டூலில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அப்பா வயது இருக்கும் அவருக்கு. அவர் மடியில் இருந்தது எங்கள் வீட்டு டிபன் டப்பா. அன்று காலை ஐந்து மணிக்கு எழுந்து அம்மா கட்டிய தக்காளிச் சோறு. அம்மாவைப் பார்த்ததும் அவர் பதறி எழுந்து, வாயில் இருந்ததை விழுங்கி, "சார் தினமும் எனக்குக் குடுத்துருவாருமா. உங்க கைப்பக்குவம் அம்புட்டு நல்லா இருக்கும்" என்றார். சார் பின்னால் மெஸ்ஸில் இருப்பார் என்று கையைக் காட்டினார்.

தகரக் கூரை போட்ட மெஸ். வாசலில் நின்று பார்த்தோம். அப்பா எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். சட்டைக் கையை முழங்கை வரை சுருட்டியிருந்தார். இலையில் சுடுசோறு, அதன்மேல் புளியும் மிளகாயும் போட்டுக் கொதித்த விரால் மீன் குழம்பு. மெஸ் நடத்துகிற அம்மாள் குனிந்து ஒரு துண்டை வைத்தாள். "அண்ணே, தலையை உங்களுக்குன்னே எடுத்து வச்சேன். நீங்கதான் நேத்து வாலை வச்சேன்னு கோவிச்சுக்கிட்டீங்களே" என்றாள். அப்பா சிரித்தார். வீட்டில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அம்மா என் கையைப் பிடித்துத் திரும்பிவிட்டாள். சாப்பிடுகிறவர்களை எழுப்பக் கூடாது என்றாள். பஸ்ஸில் வரும்போது அவளாகவே அவருக்கு வக்காலத்து வாங்கினாள். வெளியே அலைகிற ஆம்பளை, வீட்டில் வைத்துத் தர நமக்குத்தான் வழி இல்லை, அவர் என்ன செய்வார் என்றாள். நானும் ஒத்துக்கொண்டேன். ஆனால் ஒரு கேள்வி தொண்டையில் முள்ளாக நின்றது. விரால் குழம்பு அங்கே கிடைக்கிறதென்றால், அதில் ஒரு கிண்ணம் மஞ்சப்பையில் வராதா? எங்களுக்கு மட்டும் ஏன் பப்ஸ்?

அன்று சாயங்காலம் அம்மா கீழே போனாள். நானும் பின்னாலேயே போய்க் கதவோரம் நின்றேன். வீட்டுக்கார ஐயாவின் மனைவி, நாங்கள் அக்கா என்று கூப்பிடுகிறவர், முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். அம்மா சேலைத் தலைப்பைக் கையில் சுருட்டிக்கொண்டு கெஞ்சினாள்.

"அக்கா, புள்ளைக்குச் சக்கரை வாரமாதிரி இருக்காம். வாரத்துல ரெண்டே நாளு, ஜன்னல் எல்லாம் அடைச்சு வச்சுக்கிட்டு, மீனு மட்டும் வச்சுக் குடுத்துக்கிறேன். உங்களுக்கு வாடை வராமப் பாத்துக்கிறேன்க்கா."

அக்கா முறத்தை இறக்கி வைத்தார். "இத ஏன் எங்கிட்ட கேக்குற?"

"நீங்கதான கவுச்சி கூடாதுன்னு..."

"நாங்க எப்பச் சொன்னோம்? நீங்க சுத்த சைவம்னுல்ல உங்க வீட்டுக்காரரு சொன்னாரு. கறி வாடை பட்டாலே உனக்குக் கொமட்டும்னாரு. அதுக்குப் பயந்துக்கிட்டு நாங்கதான் ஆறு வருசமா பின்னாடி ஷெட்டுல, ஜன்னல அடைச்சுட்டு, வேர்த்து வடிஞ்சு கறி வைக்கிறோம்."

சொல்லிவிட்டு அக்கா முதலில் சிரித்துவிட்டார். சிரிப்பு வரக்கூடிய விஷயம்தான். மேலே ஒரு குடும்பம் எலும்பை நூல் சுற்றி ஒளிக்கிறது, கீழே ஒரு குடும்பம் குழம்பை ஜன்னல் அடைத்து ஒளிக்கிறது. ஒருவருக்கொருவர் மரியாதை. அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அக்கா சிரிப்பை நிறுத்தி, அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் மோந்த கறி மணம், எங்கள் காலுக்குக் கீழிருந்தே வந்திருக்கிறது.

அப்பா வந்து சட்டையைக் கழற்றுவதற்குள் அம்மா டாக்டரம்மா சொன்னதைச் சொல்லி, கீழ்வீட்டு அக்கா சொன்னதையும் கேட்டுவிட்டாள். அவர் மழுப்பிப் பார்த்தார். பிறகு, வீடு கிடைக்கவேண்டுமே, கோயில் குளம் என்று இருப்பவர்கள், சைவமாகத்தான் இருப்பார்கள் என்று நினைத்து அவர்கள் கேட்பதற்கு முன்னால் தானே ஒரு வார்த்தை சொல்லி வைத்ததாகச் சொன்னார். அந்தப் பொய்யை நான் மன்னித்துவிடுவேன். வாடகை வீட்டுக்கு அலைந்தவர்களுக்கு அது தெரியும். ஆனால் அம்மா கேட்டது வேறு.

"சரி, அவுககிட்ட ஒரு பொய்ய சொன்னீங்க. எங்ககிட்ட எதுக்கு அவுக கண்டிஷன்னு சொன்னீங்க?"

அவர் சட்டைப் பொத்தானைக் கழற்றினார். இந்தத் தெருவில் சைவம் என்றால் ஒரு மதிப்பு இருந்தது என்றார். மாடிப்படியில் மீன் செதில் கிடந்தால் ஆபீஸில் இருந்து வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்றார். அவருடைய மதிப்பு மாடிப்படியில் இருந்தது, நாக்கு மெஸ்ஸில் இருந்தது, மிச்சம் மீதியை நாங்கள் தின்றோம். கடைசியில் என் பக்கம் திரும்பி, "இவ வாயக் கட்டியிருந்தா இதெல்லாம் எதுக்கு வருது?" என்றார்.

இத்தனை வருடத்தில் எவ்வளவோ மறந்திருக்கிறேன். அந்த வாக்கியத்தை மறக்கவில்லை. என் வாய்க்குள் என்ன போகவேண்டும் என்று தீர்மானித்தவர் அவர். அது என்ன செய்தது என்று தெரிந்தபிறகும், குற்றத்தை என் வாயிலேயே கொண்டுவந்து வைத்தார். அன்று வரை எனக்கு அப்பா மேல் பயம் இருந்தது. அதன்பிறகு அதுவும் இல்லை.

சனிக்கிழமை காலையில் அம்மா பரணிலிருந்து மீன்சட்டியை இறக்கினாள். ஆறு வருடம் காய்ந்து கிடந்த சட்டி, அரிசி கழுவிய கழனித் தண்ணீரில் ஒரு பகல் ஊறிய பிறகுதான் அடுப்புக்கு ஆனது. ஞாயிற்றுக்கிழமை அவனியாபுரம் ரோட்டில் அலுமினிய அன்னக்கூடையில் கண்மாய் மீன் விற்கிற அம்மாளிடம் உயிரோடு விரால் வாங்கி வந்தாள். சாம்பல் போட்டு உரசினாள், மாடிப்படி ஓரத்திலேயே உட்கார்ந்து, தெரு பார்க்க. குழம்பு கொதித்தபோது எல்லா ஜன்னலையும் திறந்து வைத்தாள். கீழேயிருந்து அக்கா, உப்பு போட்டாச்சா என்று குரல் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் ஒரு கிண்ணம் கறிக்குழம்பும் மேலே வந்தது.

அப்பா கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். மூக்கை இழுத்து, "வீட்டு மீன் குழம்பு சாப்புட்டு எம்புட்டு நாளாச்சு" என்றார். பியூன் சொல்லவில்லை போல, மெஸ் வாசலில் நாங்கள் நின்றது அவருக்குத் தெரியாது. அம்மா அதைச் சொல்லவும் இல்லை. எனக்கு இரண்டு துண்டு மீன், ஒரு கரண்டி சோறு, நிறைய வெண்டைக்காய்ப் பொரியல் வைத்தாள். அவர் தட்டில் சோறு போட்டு ரசத்தை ஊற்றினாள்.

"நீங்க சைவம்ல" என்றாள்.

அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ரசச் சோற்றைப் பிசைந்தார். அந்த வீட்டில் இருந்தவரை அம்மா அவருக்கு மீன் வைக்கவில்லை. அவருக்கு அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை, மெஸ் இருந்தது. டிபன் டப்பாவை மட்டும் அம்மா இரண்டாகக் கட்டினாள். ஒன்றைப் பியூனுக்கென்றே சொல்லிக் கொடுத்துவிட்டாள்.

மூன்று மாதம் பார்சல் வரவில்லை. மீன், வாரம் ஒருநாள் நாட்டுக்கோழி, முட்டை, கீரை. மீன் ஒன்றும் மந்திரம் இல்லை. பப்ஸ் நின்றது, சோறு குறைந்தது, கண்மாய்க் கரையில் தினமும் சாயங்காலம் அம்மாவோடு நடந்தேன். பசி அடங்கியது என்பதுதான் எனக்கு அதிசயமாக இருந்தது. மதியம் இரண்டு துண்டு மீன் தின்றால், நாலு மணிக்கு பேக்கரி ஞாபகம் வருவதில்லை. நான் பேராசைக்காரி இல்லை, எனக்குச் சரியாகப் பசியாறியதே இல்லை என்று அப்போதுதான் விளங்கியது. யூனிஃபார்ம் தொளதொளத்தது. கழுத்துப் பட்டையின் ஓரம் மெதுவாக வெளுத்தது.

மறுபடி ரத்தம் கொடுத்து, முடிவு வாங்கப் போன அன்று அம்மாவுக்குக் காய்ச்சல். அப்பா கூட்டிப்போனார். டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்துவிட்டு, சர்க்கரை நன்றாக இறங்கியிருக்கிறது, ஊசியைப் பற்றி இனிப் பயப்படவேண்டாம் என்றார். என் கழுத்தைப் பார்த்து, தேய்ப்பதை விட்டதற்கு ஒரு சபாஷ் என்றார். என்ன செய்தீர்கள் என்று அப்பாவிடம் கேட்டார்.

"நாந்தான் கண்டிச்சு வாயக் கட்ட வச்சேன் டாக்டர்" என்றார் அப்பா.

சொல்லும்போது என் தலையில் கையை வைத்தார். அந்தக் கையின் கனம் எனக்கு இன்றும் தெரியும். நான் அம்மாவின் பெயரைச் சொல்லியிருக்க வேண்டும், சட்டியைச் சொல்லியிருக்க வேண்டும், திறந்த ஜன்னலைச் சொல்லியிருக்க வேண்டும். அம்மா செய்த எல்லாவற்றையும் ஒரே வரியில் எடுத்துக்கொண்டுவிட்டாரே என்று இருந்தது. டாக்டரம்மா அவரைப் பாராட்டினார். அவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

வெளியே வந்ததும் அப்பாவுக்கு நல்ல மனநிலை. பஸ் ஸ்டாப்பை ஒட்டி ஒரு பேக்கரி. என்னை நிற்கச் சொல்லிவிட்டு உள்ளே போனவர், எண்ணெய் ஊறிய காகிதத்தில் எதையோ சுற்றிக்கொண்டு வந்தார். சிக்கன் பப்ஸ், சுடச்சுட. நல்ல ரிசல்ட் வந்ததற்குப் பரிசு என்று நீட்டினார். அவர் முகத்தில் கள்ளமே இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கள்ளம் இருந்திருந்தால், இந்த மூன்று மாதத்தில் என்ன நடந்தது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது என்றாவது அர்த்தம்.

"எனக்கு வேணாம்ப்பா. நான் வாயக் கட்டிக்கிறேன்" என்றேன்.

அவர், வீணாக்குவானேன் என்று, பஸ் வருவதற்குள் நின்றபடியே அதைத் தின்று முடித்தார். பஸ்ஸில் அவர் பக்கத்தில் இடம் இருந்தது. நான் முன்னால் போய், மீன்கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மாளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.